அட்வான்ஸ் கும்பிடு

என் முதுகுக்கு மேலாகப் பறந்து போய் விழுந்து, எழுந்து உட்கார்ந்து சிரித்த என் அப்பாவுக்கு,

அம்மாவைத் தூக்கிப் போட்டேன் அப்பா. பதறாதே, அடி ஒன்றும் படவில்லை. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் ரசத்துக்குத் தாளித்தாள்.

நம்ம அம்மாதான். நான் கொஞ்சம் வேகமாக அடியெடுத்து வைத்தாலே சமையல்கட்டிலிருந்து "வுழுந்துடப் போறடி!" என்று கத்துவாளே, அவளேதான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத என்றால், போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, பிறகு எனக்குப் படித்துக் காட்டுகிறது. அதன் குரலில் உயிரே கிடையாது. "அப்பா" என்பதைக்கூட ரேஷன் கார்டு நம்பரைப் படிப்பதுபோலத்தான் படிக்கிறது. நீ உன் காதால் கேட்டுக்கொள்.

சின்ன வயதில் எனக்கு மாலைக்கண் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அம்மா முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரல் வாங்கிவந்தாய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கண் ஆஸ்பத்திரியில், விழித்திரையில் கோளாறு, மருந்துக்கும் கண்ணாடிக்கும் கட்டுப்படாது என்று சொன்னார்கள். அப்போது நீ டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்போ எம்பொண்ணு எங்கனா வுழுந்துடுமுங்களா?"  இப்போது எனக்கு வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும்.

உனக்கு விழுவது என்றால் அவ்வளவு பயம். இருக்காதா பின்னே? தொழிற்பேட்டையில் அந்தப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் உன் வேலையே விழாமல் நடப்பதுதானே. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளை நீளப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பலகையைத் தோளில் ஏற்றி, ஈரத் தரையில் நடந்து சூளை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சுடாத பொம்மை, விரல் கொஞ்சம் அழுந்தினாலே மூக்கு போய்விடும். உன் பாதம் தரையை விட்டு எழும்பவே எழும்பாது என்று உன்னோடு வேலை பார்த்த குமார் மாமா சொல்வார். வீட்டிலும் அப்படியேதான் நடந்தாய். நீ வருகிற சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. ஈர மண் வாடைதான் முதலில் வரும்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் நான் திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு, ஜூடோவில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். ரோஸ்லின் மேடம் என்று ஒரு கோச் வருகிறார், பார்வை இல்லாதவர்களுக்குத் தனியாகப் போட்டி இருக்கிறது, தொடங்கும்போதே ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிடி விட்டுப்போனால் நடுவர் நிறுத்தி மறுபடி பிடிக்கவைப்பார், மற்றதெல்லாம் கண்ணுள்ளவர்கள் ஆடுகிற அதே ஜூடோதான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "மொதப் பாடம் இன்னா தெரியுமாப்பா? வுழுவறது."  நீ சொன்னாய்: "அதுக்கு எதுக்குடி திருச்சி? வூட்லயே தெனம் வுழுந்துகினுதானே இருந்த?"

சிரித்தேன். ஆனால் உனக்கு அன்றைக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பிறந்ததிலிருந்து விழாதே, விழாதே என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவள் நான். மேடம்தான் முதன்முதலில் "விழு" என்றார். தாடையை நெஞ்சோடு சேர், தொப்புளைப் பார்க்கிற மாதிரி. கையால் தரையை ஓங்கித் தட்டு. மூச்சை வெளியே விடு. விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி விழுந்தேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. தரை என்னை ஒன்றும் செய்யாது என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது அப்பா. இத்தனை வருஷம் நாம் மூன்று பேரும் இதற்கா பயந்தோம்?

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். பார்சல் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே போனில் பதில் சொல்கிற வேலை கிடைத்தது. வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் ஜூடோவுக்கு வாய் போதாதே. விழுவதற்குக் கெட்டியான விரிப்பு வேண்டும், பிடிக்க ஓர் ஆள் வேண்டும். விருத்தாசலத்தில் இரண்டுக்கும் எங்கே போவது? மாநிலப் போட்டிக்குத் தயாராகச் சொல்லி மேடம் திருச்சியிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

நீ கம்பெனியிலிருந்து வைக்கோலைக் கொண்டுவந்து இறக்கினாய். பொம்மை கட்டி அனுப்பும் வைக்கோல். சாக்குச் சாக்காகத் திணித்து, கோணி ஊசியால் தைத்து, வீட்டுப் பின்பக்கம் முழுக்கப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினாய். நான் ஏறி நின்றேன், கணுக்கால் வரை உள்ளே போனது. "எப்படி?" என்று கேட்டாயே, அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குக் குறை சொல்ல மனசு வரவில்லை. ரோஸ்லின் மேடம் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தபோதுதான் உடைத்துச் சொன்னார்.

"சார், இது விரிப்பு இல்ல, வைக்கப்போரு."

"இதுல வெச்சுக் கட்டுனா பொம்மை டெல்லி வரைக்கும் போனாலும் ஒடையாதுங்க மேடம்."

"பொம்மை நடக்காது சார். இவ நடக்கணும். கால் புதைஞ்சா முட்டி திருகிடும்."

 மேடம் பஸ் ஏறிப் போனதும், வா என்று என் கையைப் பிடித்து அந்தச் சாக்குகளின் மேல் ஏற்றினாய். இரண்டு பேரும் சேர்ந்து குதித்தோம். விடியவிடிய இல்லை, சாயங்காலங்களில்தான், ஆனால் எத்தனை சாயங்காலம் என்று யார் கண்டது. வைக்கோல் அமுங்க அமுங்க நீ கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தாய். அம்மா உள்ளேயிருந்து, "அப்பனுக்கும் பொண்ணுக்கும் கிறுக்குப் புடிச்சுப்போச்சு" என்றாள். கடைசியில் காலடியில் அது கெட்டியாக, நடந்தால் நடக்கவிட்டு, விழுந்தால் வாங்கிக்கொள்கிற மாதிரி ஆனது. என்னைப் பத்திரமாகக் கட்டி வைக்க வேண்டும் என்ற நினைப்பை நீ விட்டது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விரிப்பு தயார். ஆள்?

"நான் இல்லியா?" என்றாய்.

உனக்கு விழக் கற்றுக்கொடுத்தவள் நான். உலகத்தில் எந்த மகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும் சொல்? ஆயுசு பூராவும் விழாமல் நடந்த மனுஷன், தலை நரைத்த பிறகு என் முன்னால் குந்தி, "எப்படி, இப்படியா?" என்று கேட்டுக் கேட்டுப் பின்னால் உருண்டாய். உன் பின்னந்தலையை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "தொப்புளப் பாருப்பா, தொப்புளப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா கோபத்தோடு டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஆனாலும் கித்தான் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, உனக்கென்று காலர் கெட்டியாக ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது அவள்தானே. தைத்துவிட்டுத் தூக்கித்தான் போட்டாள், கையில் கொடுக்கவில்லை.

முதன்முதலாக உன்னை இடுப்பில் ஏற்றித் தூக்கியது நினைவிருக்கிறதா? உன் காலரை இழுத்து, திரும்பி, முட்டியை மடக்கி, எழுந்தேன். உன் முழுப் பாரமும் என் முதுகில் ஏறியது. அதற்கடுத்த நொடி பாரமே இல்லை. எங்கே போனாய் என்றே தெரியவில்லை அப்பா. காற்று மட்டும் என் காதோரம் போனது. பிறகு தார்ப்பாயில் "டப்" என்று உன் கை தட்டிய சத்தம். நான் பயந்துபோய் "அப்பா!" என்றேன். கீழேயிருந்து நீ சிரித்தாய். "அடியே, நான் பறந்தன்டி!" இன்றைக்கும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. நான் எத்தனையோ பேரைப் போட்டிருக்கிறேன், எத்தனையோ பேர் என்னைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நொடி மாதிரி எதுவும் இல்லை.

உன் காலரைப் பிடித்தால் போதும், அன்றைக்கு உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். கரண்ட் போய் வேலை கெட்ட நாளில் உன் தோள் முன்னால் வரும். மேஸ்திரி ஏதாவது சொல்லியிருந்தால் முழங்கை விறைத்திருக்கும். பார்வை இருந்த காலத்தில்கூட உன்னை நான் இவ்வளவு பார்த்ததில்லை. ஒரு சாண் துணிக்குள் ஒரு முழு ஆள் இருக்கிறார் என்பது எத்தனை பெரிய விஷயம்!

கம்மாபுரம் அத்தை வந்திருந்த நாளும் மறக்காது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகுமா போகாதா என்று உன்னிடம் புலம்ப வந்த உன் அக்கா, பின்பக்கம் வந்து பார்த்தவள் அலறிவிட்டாள். நான் அப்போது உன் காலைத் தட்டிவிடும் பிடியைப் பழகிக்கொண்டிருந்தேன். எதிராளி அடியெடுத்து வைக்கும்போது, அந்தக் காலில் பாரம் இறங்குவதற்குள், நம் உள்ளங்காலால் அதைப் பெருக்கித் தள்ளிவிட வேண்டும்.

"அடிப்பாவி! பெத்த அப்பன கால்ல ஒதைக்கிறாளே! பாத்துகினு நிக்கிறியேடா!"

"ஒதைக்கலக்கா, பெருக்கறா" என்றாய் நீ, படுத்த வாக்கிலேயே.

அத்தை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாதி ஜனம் நாம். பெற்ற அப்பாமேல் வேண்டுமென்றே கால் வைக்க மனசு வருமா? அதனால் ஒவ்வொரு முறை உன் காலைப் பெருக்கியதும் என் வலக்கை தானாக உன் காலரை விட்டுவிடும். உன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நீயும் சும்மா இருப்பாயா? கீழே கிடந்தபடியே, "நல்லா இரு" என்பாய். பெருக்கல், கும்பிடு, ஆசீர்வாதம். மறுபடி பெருக்கல், கும்பிடு, ஆசீர்வாதம். அப்படியேதான் இரண்டு பேரும் பழகினோம். அதில் என்ன கோளாறு வரும் என்று நம் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

நடுவில் அந்த மழைநாள் வந்தது. பலகை நிறையப் பிள்ளையார் பொம்மையோடு கம்பெனியில் வழுக்கி விழுந்தாய். மற்றவர்கள் ஓடிவருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாயாம். நேராக வீட்டுக்கு வண்டியை விட்டாய், வாசலிலேயே கத்தினாய்: "தொப்புளப் பாத்தன்டி! கையத் தட்டுனன்டி! பொம்மையெல்லாம் போச்சு, எனக்கு ஒரு கீறல் இல்ல!" அம்மா உன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள்.  நான் கற்றுக்கொடுத்த ஒன்று என் அப்பாவின் தலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்துதான் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

மாநிலப் போட்டிக்கு நீயும் நானும் சென்னைக்குப் போனோம். என் கைச்சட்டையில் சிவப்பு வட்டம் தைத்திருந்தார்கள், முழுசாகப் பார்வை இல்லாதவர் என்பதற்கான அடையாளம். "கைக்குப் பொட்டு வெச்சுவுட்ருக்காங்கடி" என்று நீ அதைத் தொட்டுக் காட்டினாய். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி எதிரில். நன்றாகத்தான் போனது. அவள் அடியெடுத்த நேரம் பார்த்துப் பெருக்கினேன், பக்கவாட்டில் விழுந்தாள். முழுப் புள்ளி இல்லை, அப்படியே அமுக்கிப் பிடித்திருந்தால் ஆட்டம் என்னுடையது. என் கை என்ன செய்தது? அவள் காலரை விட்டது. அவளைத் தொட்டது. என் கண்ணில் ஒற்றியது.

அதற்குள் அவள் புரண்டு என் மேல் ஏறிவிட்டாள். அவள் பாரத்துக்கு அடியில் மூச்சு முட்டக் கிடந்தபோது, மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து எனக்குக் கேட்டது உன் குரல்தான். பழக்க தோஷத்தில் நீ சொல்லிவிட்டாய்: "நல்லா இரு!"

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். ஊருக்கு ரயில் ஏறினோம். விழுப்புரம் தாண்டியதும் நீ வேர்க்கடலை வாங்கி, உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாய். திடீரென்று கேட்டாய்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் குனியறீங்கல்ல, அது எதுக்குடி?"

"மரியாதைக்குப்பா."

"அப்போ அதுலயே சேத்துடு."

"எத?"

"எல்லாத்தையும். இனிமே உம்மேல காலு படப்போவுது, தப்பா நெனச்சுக்காத, மொத்தத்துக்கும் சேத்து இப்பவே கும்புட்டுக்கறேன்னு மனசுல சொல்லிக்கினு குனி. அட்வான்ஸு. அப்புறம் எத்தினி வாட்டி பட்டாலும் கையி புடிய வுடக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளே தொடங்கினோம். தார்ப்பாயின் இரு முனையிலும் நின்று ஒருவருக்கொருவர் குனிவோம். நீ ஊருக்கே கேட்கிற மாதிரி, "நல்லா இரு, எல்லாத்துக்கும் சேத்து!" என்பாய். அப்போதும் கை உடனே அடங்கவில்லை. காலரிலேயே கிடந்து துள்ளும். நீ கீழேயிருந்து அந்தக் கையை உன் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாய். கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளல் குறைந்தது.

கடைசி வாரத்தில் உன் பிடி தளர்ந்திருந்தது. கேட்டேன். "சரியா தூக்கம் இல்லடி" என்றாய். என் கைக்குத் தெரிந்தது உன் நெஞ்சுக்குத் தெரியாமலா இருந்தது, அப்பா?

காலையில் வேலைக்குக் கிளம்பியவன் டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். வீட்டில் கிடத்தினார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, யாரோ யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது. குமார் மாமா என்னைக் கூட்டிப்போய் உன் காலடியில் உட்காரவைத்தார். உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காத்திருந்தேன். நீ "நல்லா இரு" சொல்லவில்லை. அப்போதுதான் நீ போய்விட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் என்னை யாராலும் அடக்க முடியவில்லை.

பின்பக்கம் நான் போவதை விட்டேன். மழை வந்தது, தார்ப்பாயை மூட ஆளில்லை, வைக்கோல் ஊறி நாற்றமெடுத்தது. "போதும்டி, அவனோட போவட்டும் அந்த வெளையாட்டு" என்றாள் அத்தை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மேடம் போன் செய்து, அடுத்த மாநிலப் போட்டி வருகிறது, பேரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யாரைப் பிடித்துப் பழகுவது? அதைவிட, பிடித்தால் அது நீயாக இருக்காதே. அந்தக் காலருக்குள் வேறு ஓர் ஆள் இருப்பதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் மேடத்திடம் சொன்ன பதிலை அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து பின்பக்கம் சத்தம் கேட்டது. சாக்குகளைப் பிரிக்கிறாள், காயவைக்கிறாள், குமார் மாமாவிடம் சொல்லிப் புது வைக்கோல் வரவழைக்கிறாள். "இன்னாம்மா பண்றே?" என்றால், "நாறுது, வேற இன்னா" என்றாள். பிறகு சாயங்காலம் ஒன்றில் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். தார்ப்பாய் காலில் பட்டது, கெட்டியாக இருந்தது. எப்போது ஏறி மிதித்தாள், யாரோடு சேர்ந்து குதித்தாள்? என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மேல் வைத்தாள்.

உன் காலர், அப்பா. கித்தான் துணி, இரண்டு மடிப்பு, என் வலக்கை பிடித்துப் பிடித்து இளகிப்போன அதே இடம். என் உடம்பு முழுக்க நீ என்று நினைத்துவிட்டது. ஆனால் துணிதான் உன்னுடையது, உயரம் அம்மாவுடையது. உள்ளேயிருந்து அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, வேணாம்மா."

"புடி. பேசாத."

"உனக்கு வுழத் தெரியாது."

"ஏன் தெரியாது? தெனம் ஜன்னலாண்ட நின்னு கேட்டுகினுதானே இருந்தேன். தொப்புளப் பாக்கணும், கையத் தட்டணும், மூச்ச வுடணும். அதானே?"

ஜன்னலோரம் நின்றிருக்கிறாள் அப்பா! அத்தனை நாளும்! டிவியைப் போட்டுவிட்டு ஜன்னலில் காதை வைத்திருக்கிறாள். நீ எப்போதாவது திரும்பிப் பார்த்தாயா? உனக்குத் தெரிந்திருந்ததா?

உடனே தூக்கிப் போட்டுவிட நான் என்ன பைத்தியமா? உனக்குச் சொல்லித்தந்த மாதிரியே குந்தவைத்து, உருளவைத்து, தலையைக் கையில் ஏந்தித்தான் தொடங்கினேன். விழாதே என்று என்னை வளர்த்தவள் ஒவ்வொரு முறை விழும்போதும் "முருகா!" என்றாள். நான் ஒரு முறையாவது "போதும்மா" என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாளோ என்னவோ. கடைசியில் ஒருநாள், இப்போ போடு என்று அவளே சொன்னாள். குனிந்து கும்பிட்டேன். பிடித்தேன். அவள் அடியெடுத்து வைத்தாள், பெருக்கினேன்.

விழுந்தாள். நன்றாகவே விழுந்தாள், கையைத் தட்டிய சத்தம் உன் சத்தத்தைவிடப் பெரிது. ஆனால் பெற்றவள் காலில் என் கால் பட்டுவிட்டதே. நீ அடக்கி வைத்திருந்த கை மறுபடி துள்ளியது. காலரைவிட்டு எழும்பப் போனது. கீழேயிருந்து அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி போட்டாள் ஒரு சத்தம்.

"வுடாதடி! புடி!"

பிடித்தேன் அப்பா. அவள்மேல் அப்படியே கவிழ்ந்து, உன் காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிடித்தேன். அம்மாவின் நெஞ்சு என் கன்னத்துக்கடியில் எகிறி எகிறி அடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே, "வுடாத, வுடாத" என்றுதான் சொன்னாள். பிறகு எழுந்து ரசம் வைக்கப் போனாள். அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டு, பேரைக் கொடுக்கச் சொன்னேன்.

சென்னைக்கு அவளும் நானும்தான் போனோம். ஜங்ஷனில் ரயில் ஏறும்போது, "பாத்து, வுழுந்துடப் போற" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எதிரில் மதுரைப் பெண், பேர் பேச்சி. நல்ல திடமான ஆள். நடுவர் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். குனிந்தேன். நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் மனசுக்குள் சொன்னேன்: இனிமே உம்மேல காலு படப்போவுது, தப்பா நெனச்சுக்காத, எல்லாத்துக்கும் சேத்து இப்பவே கும்புட்டுக்கறேன். பிடித்தோம். அவளும் என் காலைத் தட்டப் பார்த்தாள், முட்டிக்குக் கீழே நங்கென்று ஓர் உதை விழுந்தது. உயிர் போகிற வலி. அவள் அடுத்த அடி வைத்தாள். அதில் பாரம் இறங்குவதற்குள் பெருக்கினேன்.

விழுந்தாள். என் கை என்ன செய்யப் போகிறது என்று நானே காத்திருந்தேன் அப்பா, வேறு யாருடைய கையோ போல. அது காலரிலேயே இருந்தது. துள்ளவில்லை. அவள் மேல் கவிழ்ந்து அமுக்கினேன். அவள் திமிறினாள், புரளப் பார்த்தாள். மேலேயிருந்து நம்ம ஊர்க் குரல் ஒன்று கூரையைப் பிய்த்தது: "வுடாதடி!" மணி அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

இந்தக் கடிதத்தில் முக்கியமானதே அதற்கடுத்து நடந்ததுதான். முடிந்து எழுந்து நின்றோம், குனிந்தோம். போய்விடுவாள் என்று நினைத்தேன். பேச்சி போகவில்லை. தடவிக்கொண்டே என்னிடம் வந்தாள். கீழே குனிந்து, உதை விழுந்த என் காலைத் தேடித் தொட்டாள். தொட்ட கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வது எனக்குத் துணி உரசும் சத்தத்தில் தெரிந்தது.

"கால் பட்டுருச்சுக்கா. ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன். தப்பா நெனச்சுக்கிறாதீங்க."

அவளுக்கும் அதே உறுத்தல்! மதுரையில் எந்த வீட்டில், யார்மேல் கால்பட்டுப் பழகினாளோ! நான் அட்வான்ஸாகக் கும்பிட்டதை அவள் கடைசிக்கு வைத்திருந்திருக்கிறாள். பரவாயில்லை, நானும்தானே உதைத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது அது இல்லை.

"நல்லா இரு" என்றேன்.

உன் குரலில், அப்பா. நீ இழுக்கிற அதே இழுப்பில். என் வயதுக்காரிக்குப் போய் ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று பக்கத்தில் நின்ற நடுவர் சிரித்துவிட்டார். பேச்சியும் சிரித்தாள். மேலே அம்மாவின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. உன் காலடியில் உட்கார்ந்து நான் காத்திருந்தேனே, வரவே வராது என்று நினைத்தேனே, அது எனக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் சேலத்துக்காரி ஒருத்தி என்னைச் சுருட்டி எடுத்துவிட்டாள், அது வேறு விஷயம். வெண்கலம் வந்தது. உன் படத்தில் மாட்டியிருக்கிறாள் அம்மா. காற்றடித்தால் கண்ணாடியில் இடித்துச் சத்தம் வருகிறது. உன் ஜாக்கெட்டில் கைப்பக்கம் நீளமாக இருக்கிறதென்று வெட்டித் தைக்கலாமா என்று கேட்டாள், வேண்டாம், மடித்துவிட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஆனால் அவளே முதலில் போய்த் தார்ப்பாயில் நிற்கிறாள்.

எதிரில் யார் நின்றாலும், யார்மேல் கால் பட்டாலும், இனி இந்தக் கை பிடியை விடாது. இது சத்தியம். ஆனால் உனக்கு மட்டும் அட்வான்ஸ் கணக்குக் கிடையாது அப்பா. தினம் அந்தத் தார்ப்பாயில் ஏறும்போது நீ வழக்கமாக நிற்கிற முனையைத் தேடிப் போய், குனிந்து தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீ சொல்ல வேண்டிய பதிலை நானே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவின் காலரைப் பிடிப்பேன்.

உன்னைத் தூக்கிப் போட்டுப் போட்டே ஆளான உன் மகள்,
தேன்மொழி